தாய்மாமனுக்குத்தான் மொதப் பத்திரிகை

ஆவணி 7, ஞாயிறு

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க இன்று காரில் கிளம்பினோம். போன வழியிலேயே திரும்ப ஓடக்கூடாது என்று நேற்றே போனில் வழி போட்டு வைத்திருந்தேன். மாட்டுத்தாவணி வீட்டிலிருந்து முதலில் திருவாதவூர், அப்புறம் திருமங்கலம், கடைசியாக டி. கல்லுப்பட்டி.

தெருமுனை தாண்டவில்லை, மனைவி ஆரம்பித்துவிட்டாள். "தாய்மாமனுக்குத்தான் மொதப் பத்திரிகை. எங்கண்ணனுக்கு வைக்காம எவன் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன்."

அவள் அண்ணன் இருப்பது கல்லுப்பட்டியில். போன் போட்டுச் சொல்லிவிடு என்றேன். "ஞாயித்துக்கிழமை அவரு எங்க போகப்போறாரு?"

திருமங்கலத்தில் என் அக்கா வீட்டைத் திருடன் மாதிரி தாண்டிப் போனோம். கல்லுப்பட்டியில் மச்சான் வீடு பூட்டிக் கிடந்தது. போனில் கூப்பிட்டேன்.

"மாப்ள, நீங்க அம்புட்டுத் தூரம் அலைய வேணாம்னு நானே வந்துட்டேன். உங்க வாசல்லதான் நிக்கிறேன். எங்க போனீக?"

அப்படியானால் நம் வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்றேன். மனைவி முறைத்தாள். "அண்ணன் வீட்டுல தட்டுல வச்சுக் குடுக்கணும். வந்த எடத்துல கையில திணிக்க இது என்ன நோட்டீசா?"

திரும்பும்போதும் அக்கா வீட்டில் நிறுத்த முடியவில்லை. இந்த முறை வாசலில் நின்ற அக்கா காரைப் பார்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் காத்திருந்த மச்சான் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். காரிலேயே கொண்டுபோய் விட்டு, அங்கேயே வைத்துவிடலாம் என்றதற்கு, பொழுது சாய்ந்து வைக்கக் கூடாதாம்.

நாள் முழுக்க ஓட்டியும் பத்திரிகைக் கட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்களில்தான் ஒருத்தி குறைந்திருக்கிறாள். அக்கா போனை எடுக்கவில்லை.