பாலத்தில் பதினொரு மணி

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் வாசலில் குந்தியிருந்து மகளின் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுகிற சொலுசன் பசையின் மணம் வேலிக்கு மேலால் வந்தது. கையில் இருந்த தேநீரை மறந்து நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏதும் வேண்டுமா என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு சிநேகிதன் நினைவு என்றேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கைகளில் எப்போதும் இருந்த மணம் அது. இரசாயனம் படிப்பித்தவன் என்பதால் ஆய்வுகூடத்து மணம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத்தான் உண்மை தெரியும்.

எழுபதுகளில் மெல்பேணில் நம்மைப் போன்றவர்கள் மிகக் குறைவு. ஒரே பாடசாலையில் இரண்டு யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் இருந்தது பெரிய அதிசயம். நான் கணிதம், நீ இரசாயனம். மற்ற ஆசிரியர்கள் காரில் வந்து இறங்கும்போது நீ சைக்கிளில் வந்து, காற்சட்டைக் காலில் மாட்டிய கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவாய்.

பல் வைத்தியருக்காகக் காத்திருந்த இடத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் நீ அந்தப் படத்தைக் கண்டாய். தென் பிரான்சில் ஓர் ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறையில் வீதி வெட்டியிருக்கிறார்கள். வெர்டோன் என்று பெயர். ஒரு கரையால் போய் மறு கரையால் வந்தால் முழு வட்டம், எழுபது மைலுக்குக் கிட்ட. செப்டம்பர் விடுமுறையில் லண்டனில் உன் தங்கையின் கல்யாணம் இருந்தது. போகிற வழியில் பிரான்சில் இறங்கி ஒரே நாளில் அந்த வட்டத்தைச் சுற்றுவது என்று முடிவெடுத்தாய். கோப்பாயிலிருந்து பருத்தித்துறைக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தவனுக்கு எழுபது மைல் ஒரு தூரமா என்று நானும் நினைத்தேன்.

உன் குசினி மேசையில் வரைபடத்தை விரித்தோம். நான் நூலை நனைத்து வீதியின் வளைவுகள் மேல் வைத்து நீளம் அளந்தேன். வீதியில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் இருந்தன. நீ விரலை வைத்துச் சொன்னாய்: "ஒருவழிப் பாதை மச்சான். அம்பு போற பக்கமாத்தான் நாங்கள் போகவேணும்." கணிதம் படித்த நானும் ஓம் என்றேன். அம்புகளுக்குக் கீழ்ப்படிந்து வட்டத்தின் திசையையே தீர்மானித்தோம்.

அடுத்த நாள் பிரெஞ்சு படிப்பிக்கிற ஆசிரியை அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தார். அம்புக்குறி ஒருவழிப் பாதைக்கு இல்லை, செங்குத்து ஏற்றத்துக்கு. அம்பு போகிற பக்கம் மேலே. அந்த வட்டாரத்தின் மோசமான ஏற்றங்கள் ஒன்றையும் விடாமல் தேடிப் பிடித்து ஏறுகிற ஒரு பாதையை நாங்கள் கவனமாகத் தயாரித்திருந்தோம். எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தரை. வீதிக்கு நீளம் உண்டு, வெயில் உண்டு, எதிர்காற்று உண்டு. உயரம் என்று ஒன்று இருப்பது நம் இருவர் புத்தியிலும் ஏறவே இல்லை.

விளையாட்டு ஆசிரியர் அன்று முழுவதும் உன்னை விடவில்லை. தட்டையான தீவிலிருந்து வந்தவருக்கு மலை எதற்கு, கடற்கரையில் ஓடலாமே என்றார். நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். ஆனால் அந்தச் சனிக்கிழமையே டண்டினோங் மலைக்குப் போய்விட்டாய்.

நான் காரில் முன்னால் போய் மேலே தேநீர்ப் போத்தலோடு காத்திருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தாய். சட்டை முழுக்க ஈரம். புல்லில் படுத்து, வானத்தைப் பார்த்துச் சொன்னாய்: "ஊரில நாங்கள் சைக்கிள் ஓடேல்ல மச்சான். சும்மா மேல இருந்து போயிருக்கிறம்."

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். நீ ஆறு சனிக்கிழமை தொடர்ந்து அந்த மலைக்குப் போனாய். நான் நிறுத்தற் கடிகாரத்தோடு வந்தேன். ஐந்தாம் கிழமை நீ நடக்கவில்லை. அந்த அளவுகளை வைத்து, வரைபடத்தின் உயரக் கோடுகளை எண்ணி, முழு வட்டத்தையும் கிராப் தாளில் கீறினேன். படிக்கட்டைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது போல ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் தெரிந்தது. திசையை மாற்றினோம். பெரிய ஏற்றம் காலைக் குளிரில் வரும்படி வைத்தோம். எந்த ஊரில் தண்ணீர், எந்த ஊரில் பாண் என்று எழுதினோம். அவ்வளவு நல்ல பாடத்திட்டம் என் வாழ்க்கையில் நான் தயாரித்ததில்லை.

அதை உன் மனைவி பவானிக்குக் காட்டினோம். தோளில் நித்திரையான மகளோடு நின்றபடியே அவள் கிராப் தாளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள்.

"எல்லாம் சரி. எங்க திரும்பிறது?"

"வட்டத்தில திரும்பிற இடம் எண்டு ஒண்டு இல்லையப்பா," என்றாய் நீ. "போய்க்கொண்டே இருந்தால் வெளிக்கிட்ட இடம் வரும்."

அவள் என்னிடம் திரும்பினாள். "அண்ணா, கணக்குப் போட்டது நீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ. சொன்னால் விடுறன். இல்லாட்டி இவர் கல்யாணத்துக்கு மட்டும் போட்டு வரட்டும்."

இத்தனை நாளும் நாங்கள் யோசிக்காத ஒரே கேள்வி அதுதான். உன் பயணம் முழுவதும் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தாளை எடுத்துப் பார்த்தேன். பாதி வட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆழமான கிளையாறு ஒன்றின் மேல் ஒரு பாலம் இருந்தது. அதற்கப்பால் நீண்ட தூரத்துக்கு ஊரும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாலத்திலிருந்து பதினொன்றரைக்குள் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே வட்டத்தை முடிக்கலாம். கணக்கு அப்படித்தான் சொன்னது. நான் பவானியின் முகத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். "பாலத்தில பதினொரு மணி" என்றேன்.

பதினொன்றுக்குப் பாலத்தில் நிற்காவிட்டால் வந்த வழியே திரும்புவேன் என்று நீ அவளுக்கு வாக்குக் கொடுத்தாய். அவள் தலையாட்டிவிட்டு மகளைக் கிடத்தப் போனாள்.

அந்த விடுமுறை முழுவதும் மெல்பேணில் எனக்கு நிம்மதி இல்லை. சிலர் வீட்டு மணிக்கூட்டைப் பத்து நிமிடம் முன்னுக்கு வைத்திருப்பார்கள். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் தீங்கில்லை. நான் செய்தது அப்படியல்ல. மணிக்கூட்டைத் திருப்பி வைத்துவிட்டு, அதுதான் சரியான நேரம் என்று சத்தியம் செய்திருந்தேன்.

நீ கறுத்துப்போய், உற்சாகமாக வந்து சேர்ந்தாய். நான் வரும்வரை பொறுத்திருந்து, குசினிக் கதிரையில் இருந்துகொண்டு எங்கள் இருவருக்கும் ஒன்றாகச் சொன்னாய். பெரிய ஏற்றத்தை இறங்காமல் ஏறினாயாம். பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள் தண்ணீர் சொட்டியதாம். பாலத்துக்கு நீ வந்தபோது பதினொன்று இருபது. கால்களில் இன்னும் பலம் இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஆற்றைப் பார்த்தாய். பிறகு சைக்கிளைத் திருப்பினாய். அடுத்த நாள் லண்டன் புறப்பாடு, இன்னொரு முறைக்கு நேரம் இல்லை. பவானி உன் கோப்பையில் இன்னொரு தரம் தேநீர் ஊற்றினாள்.

என் உண்மையான கணக்கில் பதினொன்றரை வரை நேரம் இருந்தது. பத்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு நீ திரும்பியிருக்கிறாய்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்கு வந்து உன்னிடம் உண்மையைச் சொன்னேன். நீ சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாய். கோபிப்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் மச்சான். உன்ர கிராப் தாள் என்ர பொக்கெற்றிலதானே இருந்தது. பாலத்தில வச்சு நானும் கணக்குப் பாத்தனான்."

"பிறகு ஏன்ராப்பா திரும்பினாய்?"

"நான் வாக்குக் குடுத்தது உன்ர கணக்குக்கு இல்லை, அவளுக்கு." குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஆனா ஒண்டு. இனிமேல் பயமெண்டால் பயமெண்டு சொல்லு. கணக்குக்குள்ள கொண்டுபோய் ஒளிக்காத."

விளையாட்டு ஆசிரியர் கேட்டபோது, பாதியில் திரும்பினேன் என்று நீ தலை நிமிர்ந்து சொன்னதையும் பார்த்தேன்.

அதன்பின் நான் ஆயிரம் பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருப்பேன். "இது அவனுடைய புள்ளி; இது என்னுடைய கவலை" என்று இரண்டையும் வேறாகச் சொல்லப் பழகினேன். அது எளிதாக வந்ததில்லை.

கடைசியில் உனக்காகவே அது தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் என்னை வெளியே அழைத்துப் பேசினார். நான் உள்ளே வந்தபோது பவானி கேட்டாள்: "என்னவாம் அண்ணா?" ஒரு மாதம் என்று சொல்ல நாக்கு தயாராக நின்றது. "ரெண்டு கிழமை எண்டு சொன்னார். எனக்குப் பயமா இருக்கு," என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, மகளுக்குப் பின் பிறந்து பேர்த் நகரில் வேலை பார்த்த உங்கள் மகனுக்கு அழைத்து, வேலை முடியட்டும் என்று நிற்காதே, இன்றைக்கே வா என்றாள்.

அவன் வந்தான். பதினொரு நாள் உன்னோடு இருந்தான். யன்னலோரம் உன்னைச் சாய்த்து இருத்தி முகம் மழித்துவிட்டான். அவன் சவரக் கத்தி பிடித்த விதத்தை நீ குறை சொன்னாய், அவன் பதிலுக்கு உன்னைக் குறை சொன்னான், இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.