நான் சொன்ன ‘ப்பூ’

மார்ச் 3, செவ்வாய்
வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம்! காலையில் சூப்பர்வைசர் நானூறு விரிப்புகளைக் காட்டி, மத்தியானத்துக்குள் மடித்தாக வேண்டும் என்று சைகை செய்தார். “ப்பூ!” என்றேன். அவருக்கு என் மொழி தெரியாது. முகத்தில் துப்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

துப்பினேனா நான்?

மார்ச் 4
“வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டியா?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் அழுததும் போய்ப் பாத்திரம் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. நல்ல மனுஷன்.

மார்ச் 9, திங்கள்
விசாரணைக்கு மொழிபெயர்க்க வரும் அம்மா ஃபோன் செய்தார். “அதுக்கு என்ன அர்த்தம்னு கேப்பாங்க. நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். யோசிச்சு வைங்க.”

யோசித்தேன். இந்த வேலை எம்மாத்திரம் என்றுதானே சொன்னேன்? இல்லை, நீ எம்மாத்திரம் என்றா? போன மாதம் எல்லார் முன்னாலும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாரே — அது உள்ளே புகைந்துகொண்டுதானே இருந்தது?

மார்ச் 12, வியாழன்
நீள மேஜை. எதிரே மூன்று அதிகாரிகள், ஓரத்தில் சூப்பர்வைசர். அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளை வாய்க்கு முன்னால் பிடித்து “ப்பூ” என்றார். தாள் ஆடியது. ஒரு பொட்டு ஈரமில்லை. இது துப்பல் இல்லை, ‘இவ்வளவுதானா’ என்கிற இளக்காரம் என்று விளக்கினாராம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “இளக்காரம் வேலைமேலயா, அவர்மேலயான்னு கேக்கறாங்க.”

வேலைமேல் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரவில்லை.

“வேலைமேலதாங்க. கொஞ்சம்... அவர்மேலயும்.”

அந்த அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். அப்படியே சொன்னார். சூப்பர்வைசர் அந்தத் தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ முணுமுணுத்தார்.

“துப்பலைன்னா போதும்ங்கறார். நானூறு கொஞ்சம் ஜாஸ்திதான்னும் சொல்றார்.”

மார்ச் 13
ஒரு எச்சரிக்கைக் கடிதம். திங்கள் முதல் வேலை! அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்து நன்றி சொல்லப்போனால் அழுகைதான் வந்தது. “உண்மையைச் சொன்னது நீங்க. நான் அதை எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ யார் செய்வார்கள்?

மார்ச் 18, புதன்
என்னோடு மடிக்கிற பெண் இன்று லீவு. பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. சூப்பர்வைசர் வந்து மறுமுனையைப் பிடித்தார். மூலையோடு மூலை சேர்த்து, நடந்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார். மத்தியானம் வரை அப்படியே.