என் முன்னிலையில் இட்ட கையெழுத்து

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்பளவில் இங்கே இருவரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே குளிர் கூடியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. மற்றது நலமில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பைண்டர் மாமா நம் வீட்டுக்கு வந்து ஆறு ஞாயிறு ஆகிறது. முப்பது வருடமாக ஒரு ஞாயிறு தவறாதவர். அவரும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் பதிப்புகளின் மூலை மடிந்திருக்கிறதா, முதுகு சாய்ந்திருக்கிறதா, பழுப்புப் புள்ளி எத்தனை பக்கத்தில் என்று பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னாடி உங்களையும் பூதக்கண்ணாடி வச்சுத்தான் பாத்திருப்பாரு, பைண்டிங் கெட்டின்னு தெரிஞ்சப்புறம்தான் தலையாட்டியிருப்பாரு என்று மாமா என்னைக் கேலி செய்வார். கடைசியாக வந்த அன்று ஒரு நாவலின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார், ஆசிரியர் கையெழுத்தோடு. அதற்கு அச்சுக் கோத்தவர் மாமாவின் அப்பா. ஆசிரியரே அவர் கையில் கொடுத்ததாம். உன் அப்பா நம்மிடமுள்ள பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, உங்களுது போலிங்க, சுழி வேற மாதிரி இருக்கு என்றார். எங்கப்பா பொய் சொன்னாருன்னு சொல்றீங்களா என்று மாமா கேட்டார். நான் கையெழுத்தைத்தான் சொன்னேன் என்றார் இவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்தான் மாமா.

போலி நம்முடையது, சின்னவளே.

நீ அப்போது எட்டு மாதக் குழந்தை. அப்பா மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். அந்த நாவலின் ஆசிரியர் ஒரு கூட்டத்துக்கு வருகிறார், கையெழுத்து வாங்கி வா என்று புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன், மண்டபத்துக்கு வெளியே வரை வரிசை. உனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. உன்மேல் பழி போடவில்லை, திரும்பியது நான். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபோது, வெறுங்கையோடு போய் அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஆசிரியர் பெயரை நானே எழுதினேன். அவர் எப்படிப் போடுவார் என்று தெரியாது. கை போன போக்கில் ஒரு சுழி. அன்று அப்பா இரண்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். அடுத்த வருடம் ஆசிரியர் இறந்துபோனார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் அப்பா ஒரு சீட்டு வைப்பார் அல்லவா. இதில் இப்படி இருந்தது: மேலுறையில் சிறு கிழிசல். பக்கங்கள் சுத்தம். என் மனைவி முன்னிலையில் ஆசிரியர் இட்ட கையெழுத்து. என்னை நம்பித்தான் மாமாவின் அப்பாவை, செத்துப்போன ஒரு மனிதரை, பொய்யராக்கினார்.

இன்று காலை சொல்லிவிட்டேன். அப்பா பேனாவை எடுத்துச் சீட்டில் ஏதோ செய்தார், புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மாமா வீட்டுக்குப் போறேன் என்று கிளம்பினார். மதியம் தாண்டிவிட்டது. சாப்பாடு மூடியபடி இருக்கிறது. சீட்டு மேசையில் கிடக்கிறது. இரண்டே சொற்களை அடித்திருக்கிறார். முன்னிலையில், ஆசிரியர். மிச்சம் இருப்பது: என் மனைவி இட்ட கையெழுத்து. கோபத்தில் அடித்தாரா, எல்லாப் புத்தகத்துக்கும் எழுதுவதுபோல உள்ளதை எழுதினாரா, தெரியவில்லை. படித்துப் படித்துப் பார்க்கிறேன்.

போனில் அப்பாவிடம் இதைக் கேட்காதே. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். குட்டிக்கு உடம்பு சுட்டால் எந்த வரிசையிலும் நிற்காமல் திரும்பிவிடு. திரும்பி வந்ததை வீட்டில் சொல்லிவிடு. மூவரும் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தன் கையெழுத்தில்,
அம்மா