ஐந்து முத்தம்மாக்கள்

06.10.2008, திங்கள்

காலை ஒன்பதே காலுக்கு ஒரு பக்கத்தை அனுப்பத் தொடங்கினேன். பத்தே காலுக்கும் போய்ச் சேரவில்லை. திரையில் ஒரு நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து, அறுபத்திரண்டு வீதத்தில் படுத்துவிட்டது. பிறகு டெலிபோன் லைன் அறுந்து, மறுபடி முயற்சி செய் என்று கட்டளை. முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்த கனகசபைக்கு ஒரு பெட்டி உத்தரவு போடுகிறது!

எல்லாம் விஜிதாவின் யோசனை. மகள் கொழும்பில் சட்ட உதவி நிலையமொன்றில் வேலை. பிறப்பு அத்தாட்சி இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாத தோட்டத்து ஆட்களுக்கு வழக்குப் பேசுகிறாள். என்னிடமுள்ள பழைய பிறப்புப் பதிவுப் புத்தகங்கள் நான்கையும் ஸ்கேன் பண்ணி, இன்டர்நெட்டில் எங்கேயோ உள்ள ஒரு களஞ்சியத்தில் போடவேண்டுமாம். அங்கிருந்து அவள் எடுப்பாளாம்.

“தபாலில் போட்டால் நாளைக்கே வந்துவிடும்” என்றேன்.

“உலகத்திலை ஒரே ஒரு பிரதி, அப்பா. துலைஞ்சா என்ன செய்யிறது?”

அதுவும் சரிதான். தொண்ணூற்றிரண்டில் தோட்டத்தை எடுத்த கம்பெனி மடையர்கள் இந்தப் புத்தகங்களை ஃபாக்டரி அடுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான்தான் சாக்கில் போட்டுப் பதுளைக்குக் கொண்டுவந்தேன். பெறுமதி தெரிந்தவன் நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன்.

08.10.2008

மழை. லைனில் கரகரப்பு. நாள் முழுக்க இரண்டு பக்கம்.

13.10.2008, திங்கள்

கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். பெயர் பாக்கியலெட்சுமி, எங்கள் தோட்டத்தில் பிறந்தவள், கொழுந்து எடுக்கிறவள், வயது நாற்பத்திரண்டு. விஜிதாதான் விலாசம் கொடுத்திருக்கிறாள். கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கார்த்திகையில் பிரசவம். போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். அடையாள அட்டை இல்லாததால் வழியில் சோதனைச் சாவடியில் இரண்டு தடவை பஸ்ஸை விட்டு இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“கிளாக்கரையா, நம்ம பேரு போயிருச்சுங்களா?”

“அது என்ன கோச்சியா, ஏறினதும் போக? இன்னும் அறுபத்தியோராம் ஆண்டுதான் போகுது. நீ அறுபத்தாறு. காத்திரு” என்றேன்.

நாற்பது வருடம் அட்டை எடுக்காமல் இருந்துவிட்டு இப்போது மூன்று வாரத்தில் வேண்டும். இவர்களுக்கு எதுவும் கழுத்துக்கு வந்தால்தான் ஞாபகம் வரும்.

16.10.2008

பதினோரு பக்கம் போட்டேன். களஞ்சியத்தைத் திறந்தால் ஏழுதான் இருக்கிறது. மிச்சம் நாலும் எங்கே? இப்படி ஒரு ஸ்டோர்கீப்பர் தோட்டத்தில் இருந்திருந்தால் துரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

மனைவி குணமணிக்கும் கோபம். “அக்கா மூண்டு நாளா எடுக்கிறாவாம், போன் எப்பவும் எங்கேஜ். மனுசர் கதைக்கிறதோ, உங்கட பெட்டி கதைக்கிறதோ?”

21.10.2008, செவ்வாய்

நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். அதனால் கையிலிருக்கிற பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன். ஸ்கேன் பண்ணும்போது வாசிக்கவில்லை. வாசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அறுபத்திரண்டு வரைக்கும் எனக்கு முன்னிருந்த நல்லையாவின் எழுத்து. கோழி கிளறினதுபோல, வெட்டலும் திருத்தலும். மனுசன் சாகும் வரைக்கும் ஒரு வரி நேராக எழுதியதில்லை. அறுபத்துமூன்றிலிருந்து என் எழுத்து. அச்சுப் போல. ஒரு மைச்சொட்டு இல்லை.

24.10.2008, வெள்ளி

1966 ஆவணி. ஐந்து பெண் பிள்ளைகள். ஐந்துக்கும் பெயர் முத்தம்மா.

முதலில் சிரிப்பு வந்தது. முன்பக்கம் புரட்டினேன். ஆடியில் நாலு ராமாயி. ஆனியில் ஆண்பிள்ளைகள் எல்லாம் முருகன். மேலிருந்து கீழே ஒரே சீராக, அழகாக, என் எழுத்தில்.

நல்லையாவின் பக்கத்துக்குப் போனேன். வெட்டிய இடங்களை உற்றுப் பார்த்தேன். ‘பேச்சி’ என்று எழுதி வெட்டி, மேலே ‘பேச்சியம்மாள்’. ஓரத்தில் சின்னதாக, ‘பாட்டி பெயர் வைக்க விருப்பம், வெள்ளிக்கிழமை வந்து சொல்வார்கள்’. மனுசன் கேட்டிருக்கிறார். அதனால்தான் வெட்டல்.

நான்? வெள்ளிக்கிழமைகளில் மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்குப் படம் பார்க்க வரவேண்டும். லயத்து வீட்டு ஆட்கள் பிறப்பைப் பதியக் கந்தோர் யன்னலில் வரிசையாக நிற்பார்கள். எதை எழுதினாலென்ன, இதுகளுக்கு என்ன தெரியப்போகுது — அப்படித்தான் நினைத்தேன். வேறென்ன நினைத்தேன்?

ஐந்து முத்தம்மாக்களில் நான்காவது: தாய் இராக்கம்மா, ஆறாம் லயம், 22.08.66. பாக்கியலெட்சுமி வந்த அன்று சொன்ன தாய் பெயரும் இராக்கம்மா.

அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றொரு வீதம். மூன்று வாரமாகப் போ, போ என்று நான் வைத சனியன் இன்றைக்குப் பார்த்து ஓடுகிறது. வயரைப் பிடுங்கினேன்.

குணமணி எட்டிப் பார்த்தாள். “லைன் சரியில்லை” என்றேன்.

30.10.2008, வியாழன்

பாக்கியலெட்சுமி வந்தாள். புத்தகத்தில் அவள் பெயர் இல்லை என்று சொன்னேன். பொய்யில்லையே. பெயர் இல்லைத்தானே?

சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. “அப்போ நான் பொறக்கவே இல்லீங்களா ஐயா?” என்று மட்டும் கேட்டாள். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள் நின்று திரும்பினாள்.

“அம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சுங்க. பேரச் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தக் கிளாக்கரு எழுதி மூடிட்டாருன்னு. அது யாருன்னு ஐயாவுக்குத் தெரியுங்களா?”

தெரியாது என்றேன்.

31.10.2008

அந்தப் பெட்டிக்காவது அனுப்பினது பாதியில் நின்றால் நின்றது என்று சொல்லத் தெரியும்.

01.11.2008, சனி

குணமணியிடம் சொல்லிவிட்டேன். அவள் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரில் இருந்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு உங்களைத் தெரியாதெண்டே நினைக்கிறியள்? தெரிஞ்சுதான் கேட்டிருக்கும்.”

நான் அதை யோசிக்கவே இல்லை. தெரிந்துகொண்டே மலையிறங்கி வந்து, ஐயா ஐயா என்று — என்ன மனுசன் நான்? வயரைத் திரும்பச் செருகினேன். முதலில் அந்தப் பக்கம். எட்டுத் தடவை அறுந்தது. ஒன்பதாவது தடவை போனது.

02.11.2008, ஞாயிறு

அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு விஜிதா போன் எடுத்தாள். “அப்பா, இது உங்கட எழுத்து.”

“ஓம்.”

“நீங்கள் வந்து சத்தியக்கடதாசி குடுக்கவேணும். பிழை என்னுடையது எண்டு. வருவியளோ?”

“ஓம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

18.11.2008, செவ்வாய்

பதுளைக் கச்சேரி, பிறப்புப் பதிவுப் பகுதி. எனக்குப் பக்கத்தில் பாக்கியலெட்சுமி இருந்தார். மூன்று மணித்தியாலம் வரிசையில் இருந்தோம். சத்தியக்கடதாசியை வாசித்த உத்தியோகத்தர் பெண் சிங்களத்தில் கேட்டார்: “ஏன் எல்லாருக்கும் ஒரே பெயர்?”

“நான் கேட்கவில்லை” என்றேன். அவர் நான் கேள்வியைக் கேட்கவில்லையென்று நினைத்துத் திரும்பவும் உரக்கக் கேட்டார். “பெயரை” என்றேன். “பெயரைக் கேட்கவில்லை.”

வெளியே வந்ததும் பாக்கியலெட்சுமி, “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று போய்விட்டார்.

27.11.2008

விஜிதா சொன்னாள்: கொழும்பில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். பாக்கியலெட்சுமிக்கு அட்டை இன்னும் வரவில்லை.

12.01.2009, திங்கள்

அட்டை வந்துவிட்டதாம். நேற்றுக் கொழும்புக்குப் போனாராம். பேரப்பிள்ளைக்கு ஒன்றரை மாதம்.

நாலு புத்தகமும் போய் முடிந்தது. களஞ்சியத்தில் இடம் நிரம்பிவிட்டது, மேலும் வேண்டுமானால் பதிவு செய் என்று அறிவித்தல் வேறு. போடா.

07.02.2009, சனி

மற்ற நாலு முத்தம்மாக்களையும் தேடுகிறேன். ஒருவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார். இன்றைக்கு மூன்றாமவரின் லயம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்றரை மைல் ஏற்றம்.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார். முகம் மாறியது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“உங்கட பேரைச் சொல்லுங்கோ” என்றேன்.

“சிவசக்தி.”

தூறலில் நின்றபடியே எழுதினேன். பிறகு அவரிடமே கொடுத்து, சரியா என்று பார்க்கச் சொன்னேன்.