வாசலில் நிற்கிற காட்சி

திருவல்லிக்கேணி, சென்னை-5
22.1.1979

அன்புள்ள ராணிக்கு,

நலம். நீயும் பொன்னியும் நலமா? பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் போனேன். நீ பதில் போடாததிலேயே கோபம் தெரிகிறது. என்ன செய்வது, ஒத்திகை விடவில்லை.

இரண்டு வருடமாகக் கூட்டத்தில் ஒருவனாக நின்றவனுக்கு இப்போதுதான் டைரக்டர் பலராமன் சார் ஒரு வேஷம் கொடுத்திருக்கிறார். குடும்பத்தை விட்டு ஓடிப்போனவன் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கிறான். மூன்றாம் காட்சி முழுக்க நான்தான். ஆனால் நடிப்பு வரமாட்டேன் என்கிறது. நேற்று எல்லோர் எதிரிலும், “சகாதேவா, வரும்போதே அழுதுட்டா அப்புறம் எதை வச்சிக்கினு நடிப்பே? நீ வீட்டுக்கு வரலை, மேடைக்கு வர்றே” என்று சொல்லிவிட்டார். மாசி பிறப்பதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆள் போடுவாராம். இருப்புக் கொள்ளவில்லை. மேன்ஷன் வராந்தாவில் நடந்துகொண்டே வசனம் சொல்கிறேன், பக்கத்து அறைக்காரர் திட்டுகிறார்.

அங்கே கூட்டுறவு சொஸைட்டி ஆண்டுவிழா நாடகம் போட்டபோதெல்லாம் நீதானே பெண் வேஷத்து வசனத்தைப் படித்துக்கொண்டே, “இது பொய்யா கீது” என்று என்னைத் திருத்துவாய்? காட்சியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எங்கே பொய் என்று சொல். பொன்னிக்கு முத்தம்.

உன்,
சகாதேவன்

---

திருவூடல் தெரு, திருவண்ணாமலை
30.1.1979

பொன்னி அப்பாவுக்கு,

இங்கே நலம். பொன்னிக்கு ஜுரம் வந்து தணிந்தது. என் தையல் டீச்சர் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நம் தெருவில் இந்த வருடமும் சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடந்தது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள், சாமி மறுநாளே வந்து சமாதானம் செய்துவிட்டார். தெருவில் எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

காட்சி படித்தேன். பேச்சு ரொம்ப ஜாஸ்தி. “மன்னிச்சிடு, மன்னிச்சிடு” என்கிறான், ஒரு தடவைகூட நம்பிக்கை வரவில்லை. வந்ததும் தண்ணீர் கேட்கிறான், அதை எடுத்துவிடுங்கள். தண்ணீர் கேட்பது உரிமை உள்ளவன். பையையும் கீழே வைக்கக் கூடாது. விருந்தாளி வைப்பான், வீட்டுக்காரன் வைப்பான், இவன் எந்த முகத்தோடு வைப்பான்? பெண்டாட்டியை முதலில் பார்க்க வேண்டாம். கொடியில் காய்கிற துணியைப் பார்க்கட்டும். அதில் தன் சட்டை இல்லை என்று தெரிந்த பிறகு பேசட்டும்.

இன்னொன்று. நீங்கள் வேலையை விட்டது, சொஸைட்டி பியூன் பீரோ சாவி கேட்டு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். “மூணு நாள்ல வந்துடறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். வேண்டுமானால் இதையும் காட்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ராணி

---

சென்னை-5
20.2.1979

என் அன்பு ராணி,

நீ தெய்வம். வேஷம் என் கையை விட்டுப் போகவில்லை. நேற்று சபாவில் நான் கொடித் துணியைப் பார்த்தபோது ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. பலராமன் சார் உள்ளே வந்து முதுகில் தட்டி, “யாருய்யா சொல்லிக் குடுத்தது?” என்றார். நானே யோசித்தேன் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாவி விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சேர்த்துவிட்டார். அந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துகிறார்கள்.

கடைசி மட்டும் இன்னும் இடிக்கிறது. “அவ பேசாம நிக்கும்போது நீ உன் முறைக்காகக் காத்துக்கினு இருக்கே. அவளைப் பார்த்தாத்தானே உனக்கு அடுத்தது வரும்” என்கிறார். எனக்கு விளங்கவில்லை. அவள் பேசாமல் நின்றால் நான் என்னதான் செய்வது? உடனே எழுது.

உன்,
சகாதேவன்

---

திருவண்ணாமலை
1.3.1979

பொன்னி அப்பாவுக்கு,

சாவியைச் சேர்த்தது அறிந்தேன். குத்திக் காட்டத்தான் எழுதினேன். நீங்கள் அதற்கும் கைதட்டல் வாங்கிவிட்டீர்கள்.

அவள் பேசாமல் நின்றால் அவன் ஒரு அடி திரும்பட்டும். போகத் தெரிந்தவன்தானே? திரும்பியவன் இந்த முறை போகாமல் நிற்கட்டும். அவ்வளவுதான்.

தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் இதே நினைப்பாக இருக்கிறது. நேராகவே கேட்கிறேன். அந்த ஆள் வாரா வாரம் யாரோ ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறான். நீங்கள் எப்போது வருவீர்கள்? தனியாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் வேண்டும்.

ராணி

---

சென்னை-5
28.3.1979

அன்பு ராணி,

ஒரு அடி திரும்பினேன். பலராமன் சார் கண் கலங்கிவிட்டார். அடுத்த நாடகத்தில் கதாநாயகன் நான்தான்.

வருகிற 8-ம் தேதி ஞாயிறு நாடகம் இல்லை. பாரிமுனையில் காலை பஸ் பிடித்து வருகிறேன். இது நிச்சயம். உங்கள் இரண்டு பேரையும் இங்கே அழைத்துக்கொள்ள வீடும் பார்க்கிறேன்.

உன்,
சகாதேவன்

---

திருவண்ணாமலை
11.4.1979

பொன்னி அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சாப்பிடாமலே போய்விட்டீர்கள், உங்களுக்கு வைத்த குழம்பை மறுநாளும் நாங்கள் சாப்பிட்டோம். நான் ஏன் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனேன் என்று குழம்பியிருப்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். பையைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. கொடியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் பேசாமல் நின்றேன். ஒரு அடி திரும்பி, போகாமல் நின்றீர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது டிக்கெட் வாங்கி ஹாலில் உட்கார்ந்தவர்களுக்கு வருகிற அழுகை. அது புரிந்ததும் உள்ளே போய்விட்டேன். இத்தனை நாள் காத்திருந்தவளுக்கு, அவள் எழுதிக் கொடுத்ததையே நடித்துக் காட்டினீர்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குப் பயம். இனி நீங்கள் எது செய்தாலும், அது நீங்களா வேஷமா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

அடுப்பங்கரைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொன்னியைக் கூப்பிட்டு, “ரெண்டாங் கிளாஸ்ல நல்லா படிக்கிறியா?” என்றீர்கள். “நாலாவதுப்பா” என்றாள் அவள். அதற்கு உங்களிடம் வசனம் இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகினீர்கள். “ஓ, நாலாவதா, நாலாவதா” என்று அசடு வழிந்தீர்கள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. பலராமன் சார் பார்த்திருந்தால் வேஷத்தைப் பிடுங்கியிருப்பார். எனக்கோ ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. வருவதற்குள் நீங்கள் தெருமுனை தாண்டிவிட்டீர்கள்.

காட்சியில் திருத்த இனி ஒன்றும் இல்லை. வேறு எதையும் படித்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பாதீர்கள், படிக்க மாட்டேன். நாலாவது என்றதும் திணறினாரே, அந்த மனிதர் வருவதாக இருந்தால் வரட்டும். வந்து எப்படி நிற்பது என்று மட்டும் அவர் யாரையும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
ராணியம்மாள்