சிலேட்டில் இருந்த பெரிய கைகள்

இன்று காலை பக்கத்துப் பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். அறையெங்கும் மெழுகுப் பென்சில் வாசனை. ஒரு பிள்ளை அப்பாவை வரைந்திருந்தாள். உடம்பைவிடக் கை பெரிது. "திருத்திடாதீங்க டீச்சர், பிள்ளைங்க மனசுல உள்ளதுதான் படத்துல வரும்" என்று இளம் ஆசிரியை எனக்கே பாடம் சொன்னாள். எனக்குச் சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ வரைந்த சிலேட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைய மலாயாவில், கோலா கெத்தில் பக்கம் நம் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஓவியம் என்றால் கரும்பலகையில் உள்ளதை அப்படியே வரைவதுதான். வெள்ளைக்காரன் இருந்தவரை பானை, மாங்காய். ஜப்பான்காரன் வந்ததும் கொடி. பால் டின்னைக் கவிழ்த்து வட்டம் போட்டால் வேலை முடிந்தது. பிள்ளைக்கென்று ஒரு பார்வை உண்டு என்பதைப் பின்னாளில் பயிற்சிக் கல்லூரியில்தான் கேள்விப்பட்டேன். மேல்நாட்டில் அதை எப்போதோ சொல்லிவிட்டார்களாம். நம்மிடம் வர இவ்வளவு நாளா ஆக வேண்டும்?

அன்று நீ கொடி வரையவில்லை. பரண்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவை வரைந்திருந்தாய்.

"ஏண்டி இவ்ளோ பெரிய கை?"

"என்னைத் தூக்கறப்ப அப்படித்தாண்டி இருக்கும்."

வட்டம் பிசகாமல் போடுகிறவள் என்ற திமிர் எனக்கு. உன் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். "சார், இவ கொடி போடல! அவங்கப்பாவைப் புகைக்கொட்டகைப் பரண்ல உக்கார வச்சிருக்கா, கையைப் பாருங்க!"

வகுப்பே சிரித்தது. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்து வாசலில் நின்ற கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. வாத்தியார் உள்ளங்கையால் சிலேட்டை அவசரமாக அழித்தார். ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தும் வேலை நின்று சும்மா கிடந்த அந்தக் கொட்டகையிலிருந்து மறுநாள் உன் அப்பாவை லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பவே இல்லை.

அவர் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. அது உண்மை. ஆனால் நீ என் பாவாடையைப் பிடித்து "வேணாண்டி" என்று கெஞ்சியது நன்றாகத் தெரியும்.

அதன்பின் நீ வரையவே இல்லை. நான் ஓவிய ஆசிரியை ஆனேன். எந்தப் பிள்ளையின் படத்தையும் கேட்காமல் எடுத்து யாருக்கும் காட்டியதில்லை. நல்ல முறை என்று பாராட்டினார்கள். பயம் என்று எப்படிச் சொல்வேன்?

அலோர் ஸ்டாரில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று உன் பேத்தி ஒரு தாளை நீட்டினாள். "உங்கப்பா எப்படி இருப்பாரு பாட்டி? வரைஞ்சு காட்டுங்க லா."

நீ தாளை என் பக்கம் தள்ளினாய். "இவங்கள கேளு. இவங்கதான் சரியா வரைவாங்க."

குரலில் கோபமே இல்லை. எனக்கு அவர் முகம் வரவில்லை. கைகளை மட்டும் வரைந்தேன், பெரிதாக. நீட்டினேன். நீ வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது.