குழாய்க்கடியில் டிஷ்யூ

ரோஷினி,

தேக்கா சந்தையில் வாங்கிய மீனில் குழம்பு வைத்திருக்கிறேன். சுட வைத்துச் சாப்பிடு.

உன் கம்ப்யூட்டரை இன்று போடாதே, என் லேப்டாப்பில் வேலை செய். அதற்குள் நான் முதல்முறையாகப் பூட்டிய குழாய்களில் இப்போது பம்ப் மட்டும் தண்ணீரைச் சுற்றவிடுகிறது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் இணைப்புகளுக்கடியில் டிஷ்யூ வைத்திருக்கிறேன். குப்பையென்று எடுத்துவிடாதே. நனைந்திருந்தால் உடனே பம்பை அணைத்துவிடு. கம்ப்யூட்டருக்கு நீ வைக்கும் வெள்ளிக்கிழமைச் சந்தனப் பொட்டை அதன் வெளிக் கண்ணாடியில் மட்டும் வை. டிஷ்யூவில் சொட்டினால் எது கசிவு, எது சந்தனம் என்று தெரியாது.

"நல்லா ஓடுற மெஷினுக்கு எதுக்கு லா இந்தத் தண்ணி விளையாட்டு?" என்று நேற்று நீ கேட்டதற்கு நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

ரஞ்சன்

கீழே கொஞ்சம் இடமிருக்கிறது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டால் உன் கம்ப்யூட்டர் விசிறி இப்படி இரையாது. வீடியோ வெட்டும்போது நீ முணுமுணுவென்று பாடுவாயே, அது பக்கத்து அறையிலிருக்கும் எனக்குக் கேட்டு ரொம்ப நாளாகிறது.